ஆல் ஓகே சொன்ன மேஸ்திரி

காலையில் சூலூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் தோழி சுலோசனாவின் மகள் நிவேதா போனில் அழைத்தாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். கையிலிருந்த காயை மறுபடியும் குவியலிலேயே போட்டேன். கடைக்காரர், "ஏனுங்கம்மா, இன்னைக்கு வந்த காயிங்க, சொத்தை கித்தை ஒண்ணும் இல்லீங்க" என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன், எப்படித் தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

அமராவதிக் கரையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது பழைய அலுவலக நண்பர்கள், "நீங்கதான் அவங்ககூடவே இருந்தீங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். சுலோசனா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர். புன்னகை மாறாத முகம். அவரை அறிந்த உங்களுக்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல? ஆனாலும் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ஒரு விஷயம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

அப்போது நாங்கள் இருவரும் காந்திபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு மாடி, எந்நேரமும் வார்னிஷ் வாசனை. ஜாவா என்கிற மொழி அப்போதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தது. அதில் நிரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதுவோம். ஒவ்வொரு துண்டும் ஒரு கிளாஸ். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து, கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றி, ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது பெரிய சள்ளை பிடித்த வேலை. இன்று அதற்கெல்லாம் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன. அன்று சுலோசனா தானே ஒன்றை எழுதினார். கட்டுகிற வேலை என்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். மேஸ்திரியோடு செருகிக்கொள்கிற குட்டி நிரல்களுக்குச் சித்தாள் என்று பெயர். ஒரு சித்தாள் பழைய கோப்புகளைக் கூட்டித் தள்ளும், இன்னொன்று பொட்டலம் கட்டும்.

அவர் கடைசியாக எழுதிய சித்தாள்தான் கெட்டிக்காரி. நாங்கள் எழுதும் நிரலின் கிளாஸ்களை மேஸ்திரிக்குள்ளேயே வரவழைத்து, ஒவ்வொன்றிடமும் கணக்குக் கேட்டு, விடை சரிதானா என்று பார்க்க வேண்டியது அதன் வேலை. சொல்வதற்கு என்னவோ எளிதுதான். ஆனால் மேஸ்திரி ஒரு நிரல், எங்களுடையது இன்னொரு நிரல். அங்கே கிடக்கும் கிளாஸ் இங்கே கண்ணுக்கே தெரியாது. 'அப்படி ஒரு கிளாஸ் இல்லை' என்றே திரையில் வந்துகொண்டிருந்தது. சுலோசனா அதனோடு மல்லுக்கட்டினார். கிளாஸ்களைத் தேடிக் கொண்டுவர லோடர் என்று ஒன்று உண்டு. சித்தாளுக்கென்றே தனியாக ஒரு லோடரை உண்டாக்கி, எங்கள் நிரல் இருக்கும் இடத்தை அதற்குக் காட்டிக்கொடுத்தார். கடைசியில் ஒருநாள் திரையில் 'ஆல் ஓகே' என்று வந்தது. அவர் போட்ட கூச்சலில் கீழே காயில் கட்டிக்கொண்டிருந்தவர் படியேறி ஓடி வந்து, "ஏனுங்க, யாருக்காச்சும் ஷாக் அடிச்சுப்போச்சுங்களா?" என்றார்.

அந்தச் சமயம் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றுக்காக நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். துணியின் எடையையும் வேண்டிய நிறத்தையும் கொடுத்தால், எந்தச் சாயம் எத்தனை கிராம் போட வேண்டும் என்று அது சொல்லும். பட்டறை முதலாளி சாமியப்பன். எங்கள் முதலாளி மூர்த்தி சாருக்கு அப்போது கையிலிருந்த ஒரே பெரிய வேலை அதுதான். அது கைவிட்டுப் போனால் மாடியைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். சுலோசனாவின் மேஸ்திரியைப் பற்றி அவர் சாமியப்பனிடம் அளந்து வைத்திருந்தார். "எங்க அம்மணி எழுதுன மேஸ்திரி பார்த்து ஓகேன்னு சொல்லிட்டா, கண்ணை மூடிட்டு நீங்க துணிய முக்கலாமுங்க!"

ஒருவழியாக நிரல் முடிந்தது. மறுநாள் காலை பட்டறையில் இளம் ரோஜா நிறத்தில் குழந்தைத் துணி முக்கப்போகிறார்கள். எங்கள் நிரல் சொல்லும் அளவில் முக்கும் முதல் துணி அது. அன்று சாயங்காலமும் மேஸ்திரி 'ஆல் ஓகே' என்றது. மூர்த்தி சார் கடைக்கு ஆளனுப்பி மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். சுலோசனா மட்டும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "அம்மணி, இத்தனை நாளா ஒரு தப்புக்கூட வரலியே. நாம ரெண்டு பேரும் அவ்வளவு நல்லவங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சாயக் கணக்கின் கிளாஸைத் திறந்து, சிவப்பு வர வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே நீலத்தை எழுதிவிட்டு மேஸ்திரியை ஓட்டினார்.

ஆல் ஓகே.

"அடப் பாவி! நீ பார்க்கவே இல்லையாடா?" என்று கணினியைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மூர்த்தி சார் கையிலிருந்த மைசூர்பாகைக் கீழே போட்டுவிட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சித்தாள் ஓடாமல் அடம்பிடித்த நாட்களில், சோதித்துப் பார்க்க எங்கள் கிளாஸ்களை நகலெடுத்து மேஸ்திரியின் சொந்த இடத்திலேயே போட்டிருந்தார். பிறகு எடுக்க மறந்துவிட்டார். லோடருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைத் தேடச் சொன்னாலும் முதலில் தன் தாய் லோடரைத்தான் கேட்கும். அங்கே இல்லை என்றால்தான் தானாக வெளியே கிளம்பும். மேஸ்திரியின் லோடர்தான் இதற்குத் தாய். அதனிடம் பழைய நகல் இருந்தது. கேட்டபோதெல்லாம் அது அதையே எடுத்துக் கொடுத்தது. நாங்கள் தினமும் மாற்றி மாற்றி எழுதியதையெல்லாம் யாரும் பார்க்கவே இல்லை. முதல்நாள் அவர் கூச்சல் போட்டுக் கொண்டாடியதும் அந்த நகலை வைத்துத்தான்.

நகலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது லோடருக்கு வேறு வழியில்லை, எங்கள் நிரல் இருக்கும் இடத்துக்கே போனது. நீலத்தைக் கையும் களவுமாகப் பிடித்தது. அதோடு நிற்கவில்லை, எங்களுக்கே தெரியாத ஒரு தப்பையும் பிடித்தது. வெளிர் நிறங்களுக்குத் துளித்துளியாகத்தான் சாயம் போட வேண்டும். இடையில் நாங்கள் செய்த ஏதோ ஒரு மாற்றத்தால், ஒரு கிராமுக்குக் குறைவான அளவையெல்லாம் எங்கள் நிரல் சுழியாக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தக் குழந்தைத் துணி ரோஜா நிறத்தில் வந்திருக்காது. கண்ட நிறத்தில் வந்திருக்கும்.

தப்பைத் திருத்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. மூர்த்தி சாருக்கு உயிர் வந்தது. "சரியாப் போச்சுல்ல? அவங்களுக்கு எதுக்குங்க இதைப் போய்ச் சொல்லிக்கிட்டு? கம்முனு இருந்துக்கலாம்" என்றார். சுலோசனா, "இத்தனை நாளா சரி, சரின்னு அவங்களுக்கு நாந்தானுங்க சொன்னேன். அது அத்தனையும் பொய்யிங்க. நாளைக்குக் காலையில நானே போய்ச் சொல்லிப்போடறேன்" என்றார். வேலை போனால் என்ன செய்வது என்று சார் கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. சுலோசனாவுக்கும் பயம் இருந்தது. அப்பா இல்லாத வீடு, தம்பி படித்துக்கொண்டிருந்தான். காலையில் திருப்பூர் பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

சுலோசனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சாமியப்பன் துணி முக்குவதை நிறுத்தச் சொன்னார். பிறகு, "அப்ப நேத்து வரைக்கும் சரின்னு சொன்னீங்களே. இன்னைக்குச் சரிங்கறதை மட்டும் நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுலோசனா எழுந்து நின்று, "நம்பாதீங்க" என்றார். "நீங்களே உங்க கையால ஒரு தப்பை உள்ள உட்டுப் பாருங்க. எங்கேன்னு எங்ககிட்டச் சொல்லாதீங்க. மேஸ்திரி அதைப் பிடிக்கலைன்னா நாங்க இப்படியே திரும்பிப் போயிடறோமுங்க." அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கையோடு கொண்டுபோயிருந்த மேஸ்திரியைப் பட்டறைக் கணினியில் ஏற்றி, எண்கள் இருக்கும் இடத்தைக் காட்டினோம். எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டு, சாமியப்பன் தன் மைத்துனரோடு கணினி முன் உட்கார்ந்து ஓர் எண்ணை மாற்றினார். மேஸ்திரி பிடித்தது. இன்னொன்றை மாற்றினார், அதையும் பிடித்தது. மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து தப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே வந்து, "ஏனுங்க அம்மணி, இதைய என்ற மச்சானுக்கு மாட்டி உட முடியுங்களா?" என்று கேட்டார். மைத்துனரே சிரித்துவிட்டார். வேலை எங்களிடமே இருந்தது. அடுத்த வருடம் அவருடைய சொந்தக்காரர் பட்டறை வேலையும் வந்தது.

அன்றிலிருந்து சுலோசனாவுக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. "எதையும் நம்பறதுக்கு முன்னாடி ஒரு தப்பை உள்ள உட்டுப் பாரு அம்மணி. அதையும் சரின்னு சொன்னா, அது உன்னைய பார்க்கலைன்னு அர்த்தம்" என்பார். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த பஜ்ஜியில் உப்பை அள்ளிப் போட்ட கதை உங்களுக்குத் தெரியுமா? முதலில் வந்த மாப்பிள்ளை "பிரமாதமுங்க" என்றாராம். அடுத்து வந்தவர் இன்னொரு தட்டு கேட்டாராம். காங்கேயத்திலிருந்து வந்த மூன்றாமவர்தான் ஒரு வாய் கடித்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்றாராம். அவரைத்தான் கட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்திலேயே பலமாகச் சிரித்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

காரியத்தன்று நிவேதா என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் விரலில் ஒரு கிளிப் மாட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்களாம். நாடி சரியாக இருந்தால் பெட்டி சும்மா இருக்கும். முதல்நாளே அம்மா கிளிப்பைக் கழற்றிவிட்டாராம். பெட்டி கத்த, நர்ஸ் அலறியடித்து ஓடி வந்தால், "பயப்படாத கண்ணு. இது நெசமாவே என்னையப் பார்க்குதான்னு பார்த்தேன். பார்க்குது, மாட்டி உடு" என்றாராம். தினமும் ஒருமுறை இது நடந்திருக்கிறது. நர்ஸுகளுக்கே பழகிவிட்டதாம்.

"கடைசி நாளு காலையில நான் வராண்டாவுல காபி ஆத்திட்டு இருந்தேன் சித்தி. பெட்டி கத்துச்சு. அம்மாதான் மறுபடியும் கழட்டிப்போட்டாங்கன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே உள்ள போனேன்" என்றாள் நிவேதா. "கிளிப் விரல்லயேதான் இருந்துச்சு."

அவளைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார், செய்ய ஒன்றும் இருக்கவில்லை. உன் அம்மா கடைசியாகக் கேட்டது நீ சிரித்த சத்தமாக இருந்தால் அதைவிட அவளுக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். அதை நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். அதை இந்தக் கட்டுரையிலும் செய்திருக்கிறேன். இரண்டாவது பத்தியில் சுலோசனா அதிர்ந்து பேசாதவர், யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர், புன்னகை மாறாத முகம் என்றெல்லாம் எழுதினேன் அல்லவா? அவ்வளவும் தப்பு, வேண்டுமென்றே வைத்தேன். எல்லா அஞ்சலிக் கூட்டத்திலும் கையில் தயாராகக் கிடக்கிற பழைய நகல் அது. என் சுலோ சத்தம் போடுவாள், சண்டைக்கு நிற்பாள், கத்தினால் முதலாளி கையிலிருந்த மைசூர்பாகு கீழே விழும். அந்த வரியில், "இது நம்ம சுலோசனா இல்லியே!" என்று யார் யார் நின்றீர்களோ, நீங்கள்தான் அவளை நிஜமாகப் பார்த்தவர்கள். உங்களோடு சேர்ந்து அழ வேண்டும். வாருங்கள்.