மூக்கன் நடுமேசையில் வைத்த சாடி

சட்டிபானை ஏற்ற வந்த அக்குறணை வியாபாரிதான் சொன்னார், புசல்லாவையில் மூக்கன் காய்ச்சல் கண்டு செத்துப்போனானென்று. நான் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நாலு வருஷமாக அவனோடு பேசாதவன் அழலாமா என்பதே எனக்கு விளங்கவில்லை. கொட்டகையில் அவனோடு இருந்தவர்கள் இதை வாசிப்பீர்கள், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்து எங்கள் பிழைப்பில் மண் விழுந்த வருஷம், கண்டியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி தன் பழைய கோப்பிக் கொட்டகையைத் திறந்துவிட்டார். அங்கேயே தங்கி, ஒரே சூளையில் சுட்டு, ஆறு பேர் மண்வேலை செய்தோம். நான் கோப்பி ஸ்டோரில் எழுத்துவேலை பார்த்தவன். மூக்கன் கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிக்காரன். என்னைக் "கணக்கப்புள்ள" என்றுதான் கூப்பிடுவான். மண்ணைக்கூட மாட்டை அதட்டுவதுபோல் அதட்டுவான். என் பானை சாய்ந்தால் மட்டும் பேசாமல் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போவான்.

எங்கள் வேலைகளை ஒரு மண்டபத்தில் வைத்து ஊருக்குக் காட்டலாம் என்று துரைசானி சொன்னபோது, விதி போட்டவன் மூக்கன். ஆளுக்கு ஐந்து உருப்படி எடுத்து வைக்கலாம்; ஆனால் தன்னுடையதைத் தானே எடுக்கக் கூடாது. "அவனவன் பான அவனவன் கண்ணுக்கு நேராத்தான் தெரியும்" என்றான். எல்லோரும் சம்மதித்தோம்.

மண்டபம் திறந்த அன்றைக்கு என் மாமனார் புசல்லாவையிலிருந்து வந்திருந்தார். இந்த வேலை தேறுமா, இல்லை மகளையும் பேரப்பிள்ளைகளையும் தன்னோடு கூட்டிப் போவதா என்று பார்க்க வந்தவர். மண்டபத்துக்குள் போனால், வெட்கப்பட்டு விறகுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த கோணல் சாடி நடுமேசையில் நிற்கிறது! அடியில் நான் கீறியிருந்த அடையாளத்தைப் பார்த்துத் துரைசானி என் பெயரையும் எழுதி வைத்துவிட்டார். வந்தவர்களெல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். மாமனாரும் சாய்த்தார். "இதுக்கா மாப்பிள்ள கண்டில கெடக்கீங்க?" என்றார். மறுவாரமே மனைவியும் பிள்ளைகளும் அவரோடு போய்விட்டார்கள். திரும்பி வர ஒரு வருஷம் ஆயிற்று.

யார் எடுத்து வைத்தது என்று கேட்டேன். "நாந்தான்" என்றான் மூக்கன். ஏனென்று கேட்டதற்கு முகத்தை நிமிர்த்தாமல், "தோணுச்சு, வச்சேன்" என்றான். படுபாவி, வேண்டுமென்றே என் மானத்தை வாங்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அதோடு பேச்சு நின்றது. சூளைக்கு எதிரும் புதிருமாக நின்று விறகு தள்ளினோம், ஒரு வார்த்தை இல்லை. போன வருஷம் அவன் கொட்டகையை விட்டுப் புசல்லாவைக்கே போனபோதும் நான் வாசலுக்கு வரவில்லை.

துக்கத்துக்குப் போனேன். அவன் மனைவி காளியம்மா அழுது ஓய்ந்தபிறகு சொன்னாள்:

"அத அவரோட சாடின்னுதான் நெனச்சாரு அண்ணே. யாரோ தன் சாடிய ஒளிச்சு வச்சிட்டாங்கன்னு கோவத்துல அடியக்கூடப் பாக்காம எடுத்து நடுவுல வச்சாராம். உங்க பேரப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சிருக்கு. தான் போட்ட விதிய தானே மீறினத எப்புடிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டாரு."

என் சாடியைச் சுட்ட அன்று அதே சூளையில் அவனும் அதேபோல ஒரு சாடி வைத்திருந்தான். அது உள்ளேயே வெடித்துவிட்டது. உடைந்தது யாருடையது என்று சொல்லக் கூடாது என்பது கொட்டகை வழக்கம்; அதனால் நாங்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் தலை குழம்பியது. வெட்கத்துக்குப் பயந்து நாலு வருஷம் என்னைப் பகைக்க விட்டானே என்று அவன்மேல் கோபம் வருகிறது. இன்னொரு தரம் அழுத்திக் கேட்காத என்மேலும் வருகிறது. நடுவில் சிரிப்பும் வந்து தொலைக்கிறது. அவனை மன்னிக்கிறேனா, அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேனா, இன்றுவரை தெரியவில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். நானே வெட்கப்பட்டு ஒளித்த என் கைவேலையை, மூக்கன் தன்னுடையது என்று நம்பி, அதற்காகக் கோபப்பட்டிருக்கிறான்.