சவக்காலைப் பெட்டியும் என் வீரமும்

உலகெங்கும் பெட்டிகளை ஒளித்து வைத்து, ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டாம். லண்டனிலிருந்து வந்த மருமகள் இன்று என்னையும் வாவிக்கரைப் பழைய சவக்காலைக் கல்லறைகளுக்கு நடுவே இழுத்துப் போனாள்.

மதில் பொந்தில் பெட்டி இருந்தது. கையை நீட்டினாள்.

"தொடாத மகள், அது வெடிக்கிற சாமான்," என்றார் வலையோடு தூரத்தில் நின்ற மீன்காரர்.

நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு களுதாவளையிலும் மற்றது சில ஊர் தள்ளிக் குருக்கள்மடத்திலும் விழுந்தன.

"மூடியில விளையாட்டுட பேர் கிடக்கு மாமா," என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டு, சிரித்தபடி திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஆமை.

மீன்காரர் தலையில் கை வைத்தார். "இதுக்குப் பயந்தா நான் ஒரு மாசமா தோணிக்கு ஊரைச் சுத்திப் போறன்?"

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்றாள் மருமகள். அவர் ஆமையை எடுத்துக்கொண்டு, சோற்றுப் பொதியிலிருந்த கருவாட்டை வைத்தார்.

இனித் தேடுபவருக்குக் கருவி வேண்டாம், மூக்கு போதும். யார் போகிறீர்கள்?