கையை அளந்து பாருங்கோ

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்து அகதிகள் விடுதி ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே மூன்று வயது மகளோடு பட்வா என்ற காட்டுப் பழங்குடிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். உகண்டாவில் காட்டைத் தேசியப் பூங்காவாக்கி, கொரில்லாக்களை உள்ளே வைத்துக்கொண்டு அவளுடைய சனத்தை வெளியே துரத்திவிட்டார்களாம். அடுத்தவன் தோட்டத்து ஓரத்தில் அரைவயிற்றோடு வளர்ந்தவள்.

பிள்ளைக்கு இரண்டு கிழமையாக வயிற்றோட்டம். விலா எலும்பை எண்ணலாம். குழந்தை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தாயின் உயரத்தைப் பார்த்தார், பிள்ளையின் உயரத்தைப் பார்த்தார். "இவர்களுடைய இனமே சிறிய உடம்புதானே, இது இயல்பு" என்றார். முடிந்தது அலுவல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டையாக இருப்பது வேறு, காய்ந்து கிடப்பது வேறு. வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க முகாம் முகாமாகப் பிள்ளைகளின் மேற்கையை நாடாவால் அளந்து திரிந்தவள் நான். கையை அளந்து பாருங்கள் என்று சொன்னேன். அடுத்த முறையும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு!

வீட்டில் மனுசன் வேறு. "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? அவர் படிச்ச டொக்டரெல்லே?"

"ஓம், அவர் படிச்சவர். நான் பாத்தவள்" என்றேன்.

மூன்றாம் முறை போகும்போது ட்ராமில் தாய் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் ஊர் கிளினிக்கிலும் இதையேதான் சொன்னார்கள். பட்வாப் பிள்ளைகள் இப்படித்தான் என்று. இவளுக்கு மூத்தவனைப் பார்த்து."

"அவன் எங்கே?"

"காட்டோரத்தில் புதைத்தோம். உள்ளே விடமாட்டார்கள்."



அன்று கைப்பையில் என் தையல் நாடா இருந்தது. வைத்தியர் வாய் திறக்குமுன் பிள்ளையின் சட்டைக் கையை உயர்த்திச் சுற்றினேன். பதினொரு சென்டிமீற்றர். முகாமில் அளந்த நாடாவில் இது சிவப்பு நிறப் பகுதி. சிவப்பென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வைத்தியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் அளந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து இடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார்.

கடவுளே, என்ன பிறவியப்பா இது! பிள்ளைக்குச் சட்டையைச் சரிசெய்தேன்.

தாய் மேசையில் கிடந்த நாடாவை எடுத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? அவனுக்கும் இதைச் சுற்றிப் பார்த்திருக்கலாமா?"

ஓம் என்றேன்.