வேலியோரக் குடிசை

அப்போது நான் தென்காசியில் பள்ளி ஆசிரியர். எங்கள் கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவே கிளுவை வேலி. பக்கத்து வீட்டுக்காரர் நெல் விவசாயி. அவர் மனைவிக்குக் காசநோய் கண்டது. வீட்டுக்குள் மூன்று பிள்ளைகள் இருந்ததால், வேலியோரம் ஓர் ஓலைக்குடிசை போட்டு அவளை அங்கே இருத்தினார். அதன் வாசலிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவது தெரியும். அதற்காகவே அவள் அந்த இடத்தைக் கேட்டிருந்தாள்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. மேல்காற்றில் அவளுடைய இருமல் எங்கள் அடுப்படி வரை கேட்டது. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பயந்துவிட்டேன். அதைச் சொல்லவில்லை. குடிசையின் கூரைத் தண்ணீர் என் மண்ணில் விழுகிறது என்று சொன்னேன். ஊர் நிலக்கணக்குப் பார்க்கும் கர்ணத்தை அழைத்து, அளவுச் சங்கிலி போட்டு அளக்கவைத்தேன். கூரை ஒரு சாண் என் பக்கம் நீண்டிருந்தது.

"ஒரு சாண் ஓலைதான அண்ணாச்சி, இப்பவே நறுக்கிடுதேன்" என்றார் அவர்.

"ஓலை மட்டுமில்ல. குடிசைக்காலும் எல்லையிலதான் நிக்குது. குடிசையையே எடுக்கணும்."

"உங்க முருங்கை பாதி எங்க பக்கம் சாஞ்சு காய்க்குது. அதுக்கு நான் எந்தச் சங்கிலியக் கூப்பிட்டேன்?"

கர்ணம் சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நோய்க்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன். எல்லைக்கல்லையும் சங்கிலியையும் ஏன் இழுக்குதீய?" என்றார்.

"சட்டத்தத்தான் சொல்லுதேன்" என்றேன்.

உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் வேலியை ஓலையால் அடைத்திருக்கலாம். ஏதாவது வழி பேசியிருப்போம்.

மறுநாள் அவர் குடிசையைப் பிரித்தார். அவர் கொல்லையின் மறுபக்கம் கிணறும் தொழுவமும், வேறு இடமில்லை. கடையத்திலிருந்த அவளுடைய பிறந்த வீட்டுக்கு அவளை வண்டியில் அனுப்பினார். பிள்ளைகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். வண்டி எங்கள் வாசலைக் கடக்கும்போது அவள் என் மனைவியிடம், "மதினி, சின்னவளுக்குத் தல பின்னத் தெரியாது. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆவணியில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், தூரத்தில் நிறுத்தி அவளுக்குக் காட்டினாராம். ஐப்பசியில் இறந்துபோனாள்.

அவரே வந்து சொன்னார். வாசற்படி ஏறவில்லை. "அண்ணாச்சி, அவ போயிட்டா. கடையத்துக்குப் பொறப்படுதோம்." அப்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடத்துல லீவு தரமாட்டாங்களே" என்றேன்.

என் மனைவி அவர்களோடு வண்டியேறிப் போனாள். நான் லீவு கேட்கவே இல்லை.