யார் கொடுத்தது?

தண்ணீர் பாட்டிலைக் காதருகே கொண்டுபோய் மூடியைத் திருகுகிறார் வக்கீலம்மா. ‘படக்’கென்று சீல் உடையும் சத்தம் கேட்டால்தான் வாயில் வைப்பார். கேட்காவிட்டால் அந்தத் தண்ணீர் ஜன்னலோரச் செடிக்கு. நீதிமன்ற கேன்டீனில் யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் “வயிறு சரியில்ல” என்பார். இருபது வருடமாகச் சரியில்லாத வயிறு.

வீட்டிலும் இதே கதைதான். “நான் போட்ட காபியையே மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பா. கல்யாணமான நாள்லேருந்து நான் ஜாமீன்லதான் இருக்கேன்” என்று சிரிப்பார் கணவர். அந்தச் சிரிப்பையும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் இவர் சிரிப்பார்.

ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் நீந்தியவர் வக்கீலம்மா. தோள்கள் இன்னும் கறுப்பு கவுனுக்குள் அடங்க மறுக்கின்றன. பயிற்சியாளரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணன் தினமும் பாலில் கலக்கிக் கொடுத்த ‘சத்து மருந்து’, மறு வருடம் சிறுநீர்ப் பரிசோதனையில் வேறு பெயரோடு வந்து நின்றது. “எனக்கு ஒண்ணும் தெரியாது, அவளா எதையோ சாப்பிட்டிருக்கா” என்று விசாரணையில் கைகழுவினார் அண்ணன். இனிப் போட்டிகளில் இறங்கக் கூடாது என்ற தீர்ப்பை எத்தனை முறை படித்தும் பாதி விளங்கவில்லை. விளங்க வேண்டுமென்றே சட்டம் படிக்கப் போனார்.

இப்போது அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வழக்குகள்தான் பிழைப்பு. முதல் சந்தேகம் தன் கட்சிக்காரர் மேல்தான். “அழுறவங்கள நம்பமாட்டேன். அழாதவங்கள சுத்தமா நம்பமாட்டேன்.”

போன வாரம் ஒருவர் தன் மகளை அழைத்து வந்தார். பள்ளி மாணவி, நீச்சல்காரி. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியிருந்தாள்.

“என்னம்மா சாப்பிட்ட?”

“வீட்டுச் சாப்பாடுதாங்க” என்றார் அப்பா.

“மாத்திரை ஏதாவது?”

“மாத்திரையே தொடமாட்டா மேடம். அந்த லேப்லதான் ஏதோ கோளாறு.”

“நான் உங்க பொண்ணக் கேக்கறேன்.”

பெண் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததை வக்கீலம்மா பார்த்தார்.

“நீங்க கீழ போய் இவ ஐடி கார்ட ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க.”

“அப்புறம் எடுத்தா போச்சு மேடம்.”

“இப்பவே.”

மனமில்லாமல் இறங்கிப் போனார். வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார்.

“யாரும்மா குடுத்தா?”

பெண் வாசல் பக்கம் பார்த்தாள். கீழே போனவர் அதற்குள் திரும்பிப் படியேறி வரும் சத்தம் கேட்டது. பெண் நாற்காலியில் ஒடுங்கினாள்.

வக்கீலம்மா எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.