சட்டைக்குப் பின்னால் ஒரு முகம்

மேலகரத்துக் கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாளே போய் நேரலையைச் சோதித்துப் பார்த்தேன். எதையும் முன்கூட்டிப் பார்க்காமல் நான் வேலையில் இறங்குவதில்லை. ஆளில்லாத மண்டபம், அசையாத நாற்காலிகள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. நம்பிவிட்டேன்.

பெண்ணின் வாப்பா சவூதியில் டிரைவர். லீவு கிடைக்கவில்லை. "கருகமணி கட்டும்போது மக முகத்தைப் பாக்கணும் தம்பி. வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லித்தான் வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

சாரல் நேரம். குற்றாலத்துக்கு வந்த கூட்டம் பூராவும் போனும் கையுமாக நிற்கும், சிக்னல் இழுக்கும். அந்தப் பயத்தில் ஒரு செட்டிங்கை மாற்றினேன். வீடியோவில் ஒரு முழுப் படம் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். மாறாததை எதிர்ப்பக்கத்துப் போன், தான் சேர்த்துவைத்த பழைய படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அடிக்கடி போகவேண்டிய முழுப் படத்தை நான் எப்போதாவது ஒன்று என்று குறைத்துவிட்டேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டேட்டா மிச்சம் என்பதுவரைதான் புரிந்தது. நடுவில் கொஞ்சம் தொலைந்தால், அடுத்த முழுப் படம் வரும்வரை அந்தக் கோளாறும் கூடவே ஓடும் என்பது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அக்கா, தாலி மாதிரிக் கட்டுகிற அந்தக் கருகமணியைக் கையில் எடுத்தாள். சிக்னல் ஒரு வெட்டு வெட்டியது. தன் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமா அதை என் முன்னால் நீட்டினார். கேமராவுக்குக் குறுக்கே போன யாரோ ஒருவரின் கட்டம் போட்ட சட்டை, பெண்ணின் முகத்தில் அப்படியே அப்பிக் கிடந்தது. அதற்குள் வளையல் கை மட்டும் நெளிந்தது.

"ஏலே, எங்க புள்ளய எங்க? சட்டைக்கா கருகமணி கட்டுதோம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்து, ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் சவூதியிலிருந்து பெண்ணின் வாப்பாவே கூப்பிட்டார்.

"நல்லாப் பாத்தேன் தம்பி. உங்களுக்குத்தான் அலைச்சல்."

"அண்ணாச்சி, அந்த நேரத்துல படம்..."

"மழை நேரம், நீங்க என்ன செய்வீங்க."

"கேமரா கார்டுல தெளிவாப் பதிவாயிருக்கு. இப்பவே அனுப்புதேன்."

"அனுப்புங்க, மெதுவா அனுப்புங்க." பிறகு கேட்டார்: "அவ அழுதாளா தம்பி? நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

பக்கத்தில்தான் நின்றேன். தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

"கார்டப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.