நடு ஹாலில் ஒரு மேஜை

அப்பா பூல் டேபிள் வாங்கியிருக்கிறார் என்று அவருடைய கீழ்வீட்டு அம்மா போனில் சொன்னபோது, நான் கே.கே. நகரில் என் வீட்டில் ஸ்டூல்மேல் ஏறி நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காக ஒழித்து வைத்த அறை அது. மாதக் கடைசியில் அவர் எங்களோடு வந்துவிடுவதாகப் பேச்சு. "என்ன டேபிள்?" என்று மூன்று தடவை கேட்டேன்.

"பச்சைத் துணி போட்டு, கோலால பந்தைக் குத்துவாங்களேம்மா, அது. மாடிப்படியில மாட்டிக்கிட்டு நிக்குது. நாங்க யாரும் ஏறவும் முடியல, இறங்கவும் முடியல."

திரைச்சீலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அடையாறு போய்ச் சேரும்வரை எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. அம்மா இறந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அப்பாவின் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. பக்கவாதம் வந்து அம்மா படுத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹாலின் நட்டநடுவில் போட்டோம். புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சோபாவையும் சாப்பாட்டு மேஜையையும் அப்போதே கொடுத்துவிட்டோம். மூன்று வருடம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் அந்த வீடு நடந்தது. காரியம் முடிந்த மறுநாளே கட்டிலைத் திருப்பி அனுப்பியது நான்தான். வெறும் கட்டிலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அப்பாவின் நடையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். வெறும் ஹால். பாத்ரூமிலிருந்து சமையலறைக்கு நேராக ஆறு எட்டில் போய்விடலாம். அவரோ சுவரில் கை வைத்துக்கொண்டு ஓரமாகவே போனார், ஓரமாகவே வந்தார்.

"தலை சுத்துதாப்பா?"

"இல்லையே."

அப்பா எதைத்தான் ஒப்புக்கொண்டார்! ரத்த அழுத்தம், காது, கண் என்று ஒவ்வொரு டாக்டராக இழுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை விழுந்தால் போதும், இடுப்பெலும்பு போய்விடும். நான் ஒரே பெண். இன்னொருவரை இழக்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கே.கே. நகருக்கு வரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். அவரும் "சரி பாப்பா" என்று தலையாட்டியிருந்தார். தலையாட்டிய மனிதர்தான் இப்போது பூல் டேபிள் வாங்கியிருக்கிறார்.

நான் போனபோது நாலு பேர் அதைப் படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். தரமணியில் காலி செய்த ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து சல்லிசாக வந்ததாம். கால்களைத் தனியாகக் கழற்றியிருந்தார்கள். அப்படியும் கைப்பிடிச் சுவர் விடவில்லை.

"இன்னா மேடம், கல்லு கணக்கா கீது. இத்த வெச்சுக்கினு பெரியவரு இன்னா பண்ணப் போறாரு?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"எனக்கும் அதுதாங்க தெரியணும்."

ஒருவழியாக மேலே ஏற்றினார்கள். அவர்களுக்கும் நம் வீட்டு வழக்கம் தெரியும்தானே, உள்ளே வந்ததும் நேராகச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனார்கள். கட்டிலோ பீரோவோ மேஜையோ, எதுவானாலும் சுவரோடு ஒட்டித்தான் போடுவோம். நடுவிடம் மனுஷர்கள் புழங்க, பாய் விரிக்க, நாலு பேர் வந்தால் உட்கார.

"செவுத்தோரமா போட்டுட்டா எடம் நெறைய கெடைக்கும் நைனா."

"நடுவுல போடுப்பா," என்றார் அப்பா. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டில் சரியாக வந்து உட்காரும்வரை இரண்டு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று அவர்களைப் பாடாய்ப் படுத்தினார்.

மேஜை பொருந்திவிட்டது. ஆட்டம்தான் பொருந்தவில்லை. மேஜையை அளந்த அப்பா கோலை அளக்கவில்லை. கேரம் ஆடியே வளர்ந்த குடும்பம், உட்கார்ந்த இடத்தில் விரலால் சுண்டித்தான் பழக்கம். முதல் அடிக்குக் கோலைப் பின்னால் இழுத்தார், பிரிட்ஜில் போய் இடித்தது. அடுத்த மூலையில் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்தால்தான் கோல் அசையும். ஜன்னல் பக்கமோ, கோலின் பாதி கம்பி வழியாக வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கியைத் தொட்டது. தூக்கிவந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

நான் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் எப்ப பழக்கம்?" என்றேன்.

"மெடிக்கல் ரெப்பா ஊர் ஊரா சுத்தினேன்ல. டாக்டருங்க சாயங்காலம் கிளப்புல ஆடுவாங்க. அவங்க ஆட்டம் முடியட்டும்னு மாத்திரைப் பையோட நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"அதுக்கு இப்ப பழி வாங்குறீங்களா?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "அம்மா படுத்திருந்த இடம்ப்பா இது. அதுக்குள்ள உங்களுக்கு விளையாட்டு கேக்குதா?" என்று கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா மேஜை ஓரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். பால் பொங்கும்வரை அவரையே பார்த்தேன். ஒரு பந்தைத் தட்டினார். அது அவர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் போய் நின்றது. அவர் எதிர்த்திசையில் கிளம்பி மேஜையை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்து அதை அடித்தார். அடுத்ததற்கும் அப்படியே. சுவரை அவர் தொடவே இல்லை. கை வீசிக்கொண்டு, இளவட்டம் மாதிரி நடந்தார்.

"பந்து பக்கத்துலயே இருக்கு. எதுக்குப்பா இந்தச் சுத்து?" காபியை நீட்டினேன். குரல் இறங்கியிருந்தது.

டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"மூணு வருஷம் சுத்தினது பாப்பா. இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் தண்ணி. நீ கட்டிலை அனுப்பிட்ட. சரிதான், வாடகைக் கட்டிலு, வெச்சு என்ன பண்ண? ஆனா ஹால்ல குறுக்க நடக்க எனக்கு கால் வரல. அவளை மிதிச்சிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு. அதான் ஓரமாவே போயிக்கிட்டிருந்தேன்."

ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"செவுத்தைப் புடிச்சே எத்தனை நாள் நடக்கறது? இது ஆறடிக்கு மூணடின்னு வித்தவன் சொன்னான். அவ கட்டில் அளவுதான். இப்ப யாரும் அங்க கால் வைக்க முடியாது பாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அவருக்குத் தலை சுற்றவில்லை, எலும்பில் பலக்குறைவில்லை, அவர் விழவும் போவதில்லை. மனைவிமேல் கால் பட்டுவிடக்கூடாது என்று ஒதுங்கி நடந்த மனிதரை நான் டாக்டர் டாக்டராக இழுத்தடித்திருக்கிறேன்.

"கே.கே. நகர்ல எனக்கு ரூம்லாம் ரெடி பண்ணிட்டியாமே," என்றார். குரலில் பயம் இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பயத்தோடுதான் அவர் தலையாட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"அது கிடக்கட்டும்ப்பா. நீங்க இங்கயே இருங்க. நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காபியைக் குடித்தார்.

திரும்பிவரும்போது ஆட்டோவில் வேறொன்று நினைவுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. பதினாறாம் நாள் முடிந்து, அம்மாவின் புடவைகளைச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது நான். ஹால் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, சுற்றிலும் புடவைகளைப் பரப்பி, ஒரு மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தேன். அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தள்ளி உட்காரு பாப்பா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.